சீட்டுக்கும் தோலுக்கும் நடுவில்

காரைக்கால் ஆஸ்பத்திரி வாசலில் மாட்டு வண்டியிலிருந்து இரண்டு லேடீஸ் சைக்கிளை இறக்கி வைத்தார்கள். ஒன்று எனக்கு என்றார் மேட்ரன் அம்மா. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஒரு பெண் சைக்கிள் ஓட்டி அதுவரை நான் நேரில் பார்த்ததும் இல்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருஷம் ஆகியிருக்கும். புதிதாக வந்த அதிகாரிகள், கிராமத்துப் பிரசவங்களுக்கு நர்சுகள் நேரில் போகவேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார்கள். அதுவரை யாராவது வண்டி கட்டிக்கொண்டு வந்து அழைத்தால்தான் போவோம். வண்டி போய்ச் சேருவதற்குள் பல பிள்ளைகள் தாமாகவே பிறந்துவிடும். சைக்கிள் இருந்தால் அந்தத் தாமதம் இருக்காது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அந்தச் சைக்கிளில் ஏறி உட்காரப் போவது பெண்பிள்ளைகள் என்பதை எவ்வளவு தூரம் யோசித்தார்களோ தெரியவில்லை.

இன்னொரு சைக்கிள் என் அறைத்தோழிக்கு. நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நர்சுகளுக்கான ஓட்டுக் கட்டடத்தில் ஒரே அறையில் இருந்தோம். நான் விழிதியூரில் நெல் விளைவிக்கிற குடும்பத்துப் பெண். அவள் சைகோனில் பிறந்தவள். அவளுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் கணக்கெழுதும் வேலை பார்த்துவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பி வந்தவர். மாதா கோயிலுக்குப் போகும்போது மட்டும் தலையில் முக்காடு போடுவாள். மற்ற நேரங்களில் எண்ணெய் வைத்தாலும் அடங்காத சுருட்டை முடியை அப்படியே விட்டுவிடுவாள். சைகோனில் எட்டு வயதிலேயே சைக்கிள் ஓட்டியவள். மேட்ரன் அம்மா முன்னால் ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிட்டு என்னைப் பார்த்து, "விழுந்தா எந்திரிக்கணும். அவ்வளவுதாண்டி பாடம்" என்றாள்.

விழுந்தேன், எழுந்தேன். ஆஸ்பத்திரி பின்புறத்து மணலில் பழகியதால் எலும்பு தப்பியது. கொஞ்ச நாளில் கோட்டுச்சேரி வரைக்கும், பிறகு திருவேட்டக்குடி வரைக்கும் தனியாகப் போக ஆரம்பித்தேன். வாய்க்கால் ஓரமாகப் போகும்போது கடல் காற்று முகத்தில் அடிக்கும். வயலில் நிற்கும் பெண்கள் நிமிர்ந்து கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்ப்பார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. இடுப்புக்குக் கீழே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

தொடை இடுக்கில் தோல் உரசி உரசிச் சிவந்து போயிருந்தது. சேலையின் மடிப்பு, அதற்குள் உள்பாவாடை, அதற்குள் வியர்வை, எல்லாவற்றுக்கும் கீழே மரக்கட்டை மாதிரி ஒரு தோல் சீட்டு. போகும்போது எரியும். வரும்போது உப்புத் தடவியது போல எரியும். அறைக்கு வந்து தண்ணீர் பட்டால் கத்தத் தோன்றும். மேட்ரன் அம்மாவிடம் ஜாடையாக, "உடம்பு ரொம்ப எரியுதும்மா" என்றேன்.

"சூடு. மோர் குடி. வெந்தயத்தை ஊறப்போட்டு முழுங்கு" என்றார்.

மோர் குடித்தேன், வெந்தயமும் முழுங்கினேன். எரிச்சல் குறையவில்லை. ஒரு நாள் அறைத்தோழி கட்டிலில் உட்காரும்போது பக்கவாட்டில் சாய்ந்து மெதுவாக உட்கார்ந்ததைப் பார்த்தேன். நானும் தினமும் அப்படித்தான் உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

"உனக்குமா?" என்றேன்.

அவள் முதலில் முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "சைகோன்ல சின்னப் பிள்ளையா இருந்தப்ப கால்சட்டை போட்டு ஓட்டுவேன். சேலை கட்டி ஓட்டுறது இதுதான் முதல் தடவை. நீ மட்டும் எதுவும் ஆகாத மாதிரி ஓட்டுறியேன்னு எனக்கு உன்மேல பொறாமை."

"எனக்கும் உன்மேல அதே பொறாமைதான்."

அன்று மதியமே நாங்கள் ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டோம். அதை ஆராய்ச்சி என்று அப்போது சொல்லிக்கொள்ளவில்லை. எது உரசுகிறது, எங்கே உரசுகிறது என்று பார்க்க ஆசை வந்துவிட்டது, அவ்வளவுதான். உள்பாவாடையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தோம். தையல் ஓடிய இடத்தில் துணி தேய்ந்து பளபளத்தது. தோலில் சிவந்திருந்த கோடும் அதே தையல் கோடுதான். அவள் பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்து, முழங்கால் வரைக்கும் வருகிற நிக்கர் இரண்டு தைத்தாள். தையல் வெளிப்பக்கம் இருக்கும்படி, தொடைக்கு நடுவில் தையலே வராமல் ஒரு துண்டு வைத்துத் தைத்தாள். தையல்காரரிடம் கொடுத்திருந்தால் ஊர் முழுவதும் தெரிந்திருக்கும்.

சீட்டின் மூக்கு கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு இருந்தது. ஸ்பானர் இரவல் வாங்கி அதை மட்டமாக்கினோம். என் சைக்கிளில் சீட்டின் உயரம் அதிகம். மிதிக்கும்போது இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடும். உரசலில் பாதி அந்த ஆட்டத்தால் வந்தது. அதையும் இறக்கினேன். முகத்துக்குப் போடும் பவுடரைப் போட்டுப் பார்த்தேன். வியர்வையில் மாவாகிக் கட்டிக்கொண்டு இன்னும் மோசமாக அறுத்தது. தேங்காய் எண்ணெய் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் துணியெல்லாம் பிசுக்கு. ஆஸ்பத்திரியில் இருந்த வாசலின் கொஞ்சம் தடவிக்கொண்டு போனால் திருவேட்டக்குடி போய்த் திரும்புகிற வரை தாங்கியது. வந்தவுடன் ஈர நிக்கரை மாற்றி, சோப்பு போட்டுத் தேய்க்காமல் வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, உரிந்த இடத்தில் புண்ணுக்குப் போடுகிற வெள்ளைக் களிம்பை மெல்லப் பூசினோம். ஒரு வாரத்தில் இருவருக்கும் தோல் ஆறிவிட்டது.

அவளுக்கு அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது. எனக்கு ஆகவில்லை.

உரசல் நின்ற பிறகும் எனக்குச் சின்னச் சின்னக் கட்டிகள் வந்துகொண்டே இருந்தன. சில மிளகு அளவு, சில கடலை அளவு. தொட்டால் உயிர் போகும். சிலவற்றின் நுனியில் சீழ் தெரியும். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளுக்குக் கற்பனைக்குக் குறைவே இல்லை. சொல்லக் கூசும் நோய்களோடு வருகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கல்யாணமாகாத எனக்கு அப்படி ஒன்று எப்படி வரும் என்று அறிவு கேட்கும். ஆஸ்பத்திரித் துணி, கழிப்பறை, எதிலிருந்தாவது ஒட்டியிருக்குமோ என்று பயம் பதில் சொல்லும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போயிருந்தாள். கதவைத் தாழிட்டு, ஜன்னல் வெயில் விழுகிற இடத்தில் தரையில் உட்கார்ந்து, கைக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அப்படிப் பார்ப்பது அதுதான் முதல் முறை. மற்ற பெண்களை எத்தனையோ முறை பார்த்த நான், என்னைப் பார்த்துக்கொள்ள அவ்வளவு வெட்கப்பட்டேன். ஒரு கட்டியின் மேல் தோல் கண்ணாடித்தாள் மாதிரி மெல்லியதாக இருந்தது. அதற்கு அடியில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. அழுக்கு என்று நினைத்தேன். கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனபோதுதான் அது ஒரு முடி என்று புரிந்தது. வெளியே வரவேண்டிய முடி, தோலுக்கு அடியிலேயே கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருண்டு கிடந்தது.

பயம் போன இடம் தெரியவில்லை. அந்த இடத்தில் ஆச்சரியம் வந்து உட்கார்ந்துகொண்டது. முடி எதற்காக உள்ளே போகிறது? அதற்கு வழி தெரியாமல் போகுமா?

வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, பொறுக்கும் சூட்டில் ஒத்தடம் கொடுத்தேன். காலையும் மாலையும் கொடுத்தேன். இரண்டு மூன்று நாளில் தோல் இளகி, முடியின் வளைவு மட்டும் மேலே தலைகாட்டியது. கொதிக்க வைத்த ஊசியின் முனையை அந்த வளைவுக்குள் விட்டு, கிள்ளாமல், பிடுங்காமல், நூலை எடுப்பது போலத் தூக்கிவிட்டேன். முடி நிமிர்ந்துகொண்டது. மறுநாளே கட்டி வற்றிவிட்டது.

தோழியிடம் சொன்னேன். அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"எனக்கு ஏன் வரல?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

"நீ சவரம் பண்ணிக்குவியா?"

பண்ணிக்கொள்வேன். பயிற்சியின்போது எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் வேலையே அதுதான். பிரசவத்துக்கு வந்த பெண்ணைப் படுக்கவைத்து, சோப்பு நுரை போட்டு, கத்தியால் ஒட்ட மழித்து, ஸ்பிரிட் தடவவேண்டும். சுத்தம் என்றால் மழிப்பது என்று என் மனசில் பதிந்து போயிருந்தது. சைக்கிள் ஓட்டி வியர்வை அதிகமான பிறகு நான் அடிக்கடி மழித்துக்கொண்டேன். மழித்துவிட்டு ஸ்பிரிட்டும் தடவிக்கொண்டேன். அவள் எதையும் தொடுவதே இல்லை. "சோம்பேறித்தனம்தான்" என்றாள்.

அப்படியானால் கத்திதான் காரணமா? ஆனால் ஊரில் எத்தனையோ பெண்கள் சவரம் செய்துகொள்கிறார்களே, அவர்களுக்கெல்லாம் கட்டி வருகிறதா? யாரிடம் கேட்பது? நகரத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரக் குடும்பத்தில் அப்போதுதான் ஒரு பிரசவம் பார்த்திருந்தேன். அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான். கணவர் சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார். குழந்தையின் தொப்புளைப் பார்க்கப் போனபோது, மற்றவர்கள் எழுந்து போகிற வரைக்கும் காத்திருந்து அந்தப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன்.

அவர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். "யா அல்லா! நர்சம்மா, இதையெல்லாமா கேப்பீங்க?"

"எனக்கே இருக்குங்க. அதனாலதான் கேக்குறேன்."

சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "எங்கள்ல அதை நாப்பது நாளைக்கு மேல வளர விடக்கூடாதுங்க. சின்னதுல இருந்தே பழக்கம். எனக்கு ஒண்ணும் வராது. எங்க லாத்தாவுக்கு வரும். ஒரே வயித்துல பொறந்தவங்கதான், ஒரே கத்திதான். அவுகளுக்குப் பாவம், ஒவ்வொரு தடவையும் கொப்புளம் கொப்புளமா வந்திரும்."

"உங்களுக்கும் அக்காவுக்கும் என்னங்க வித்தியாசம்?"

அவர் தன் கூந்தலைக் கையில் பிடித்துப் பார்த்தார். "அவுகளுக்குத் தலைமுடி சுருட்டை. எனக்குப் பாருங்க, கயிறு மாதிரி நேரா இருக்கு." சொல்லிவிட்டுத் தானே வியந்து போனார். "அட! இதுதானா?"

"இப்ப அவுங்க என்ன பண்றாங்க?"

"ஓதிக் கொடுக்குற அம்மாகிட்டக் கேட்டாங்க. கத்திரியால ஒட்ட வெட்டிக்கிட்டாலும் போதும்னு சொன்னாங்களாம். இப்ப அப்படித்தான். நல்லா இருக்காங்க."

திரும்பி வரும்போது என் பின்னலை முன்னால் எடுத்துப் பார்த்துக்கொண்டே சைக்கிளை உருட்டினேன். என் முடியும் சுருட்டைதான்.

அதற்குப் பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. கருக்களாச்சேரியில் மீன் கூடை சுமக்கிற ஒரு பெண்ணுக்கு முந்தைய மாதம் பிரசவம் பார்த்திருந்தேன். ஆஸ்பத்திரி முறைப்படி நான்தான் மழித்தேன். குழந்தையை எடை பார்க்கப் போனபோது, அவர் குடிசை வாசலில் வலைக்கு அருகே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். "பிரசவத்துக்கு முன்னாடி கத்தி போட்டேனே, அந்த இடத்துல பிறகு ஏதாவது தொந்தரவு இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"ஏன் கேக்குறீங்க? தையல் போட்ட இடம்கூட ஆறிடுச்சு. நீங்க சொரண்டுன இடம்தான் ஆறல. முடி குத்திக்கிட்டு வளருது பாருங்க, கூடைய தூக்கிட்டு நடக்கவே முடியல. காலை அகட்டி அகட்டி நடந்தேன். மார்க்கெட்டுல எல்லாரும் சிரிச்சாளுவ."

"ஏங்க எங்கிட்டச் சொல்லல?"

"கேட்டாத்தானே சொல்றதுக்கு?" என்றார் சாதாரணமாக. குழந்தையை அடுத்த மார்புக்கு மாற்றிக்கொண்டார்.

அந்தப் பதிலோடு நான் அறைக்கு வந்தேன். கேட்டதையெல்லாம் தோழியிடம் சொன்னேன். அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அவளுக்குப் பொறுமை கிடையாது, ஆனால் தைரியம் உண்டு.

"நீ கத்திய நிறுத்து. நான் ஆரம்பிக்கிறேன். உனக்குக் குறைஞ்சு எனக்கு வந்துச்சுன்னா, கத்திதான்."

"வேணாண்டி. வந்துச்சுன்னா உனக்கு வலிக்கும்."

"உனக்கு வலிச்சப்ப நீ செத்தா போயிட்ட?"

நான் கத்தியை நிறுத்தினேன். அவள் ஆரம்பித்தாள். இருவரும் அதே நிக்கர், அதே வாசலின், அதே சாலை. எனக்கு ஏற்கெனவே இருந்த கட்டிகள் ஒவ்வொன்றாக வற்றின, புதிதாக வரவில்லை. வளரும்போது அரிப்பு இருந்தது, அதைப் பொறுத்துக்கொண்டேன். அவள் முதல் இரண்டு முறை மழித்தபோது ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா? உன் தோல்தான் சரியில்ல" என்று கேலி செய்தாள். மூன்றாவது முறைக்குப் பிறகு கேலியை நிறுத்திவிட்டாள். ஏன் நிறுத்தினாள் என்று நான் கவனிக்கவில்லை.

ஒரு காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. கன்னம் கொதித்தது. போர்வையை விலக்க விடவில்லை. அதட்டித்தான் பார்க்கவேண்டி வந்தது. அரையிடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி, சுற்றிலும் செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருந்தது.

"என்னடி பண்ணின?"

"உன்னை மாதிரியே முடி தெரிஞ்சுது. வெந்நீர் வச்சு நாள் கணக்கா யாரு காத்திருக்கிறது? ஊக்கால கிளறினேன். வரல. அழுத்தினேன். வரல." கண்ணில் நீர் வழிந்தது. "எனக்கு வந்திருச்சுன்னு உங்கிட்டச் சொல்லவும் மனசு வரல. தோத்துட்ட மாதிரி இருந்துச்சு."

டாக்டரைக் கூப்பிடவேண்டும் என்றேன். ஆண் டாக்டர் பார்க்கக்கூடாது என்றாள். பெண் டாக்டர் எங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை. கடைசியில் டாக்டரே எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். புதுச்சேரியில் படித்தவர், நடுவயது, எதற்கும் அவசரப்படாத மனிதர். வாசலில் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டோம். அவர் வெளியே இருந்து கேட்டார், நான் உள்ளே இருந்து பார்த்துப் பதில் சொன்னேன்.

"நடுவுல மெத்துன்னு இருக்கா, கல்லு மாதிரி இருக்கா?"

"கல்லு மாதிரிதான் சார்."

"சிவப்பா கோடு ஏதாவது மேலே ஓடுதா?"

"இல்லை சார்."

"ஊசி, ஊக்கு ஏதாவது வச்சுக் கிளறினதா?"

நான் பதில் சொல்வதற்குள் கட்டிலில் இருந்தபடியே அவள், "முசியே, அதை மட்டும் கேக்காதீங்க" என்று ஈனக் குரலில் சொன்னாள். ஐயா என்பதற்கு அவள் வாயில் பிரெஞ்சு முசியேதான் வரும். வெளியே டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குக் கேட்டது.

பென்சிலின் போடச் சொன்னார். வேளைக்கு வேளை வெந்நீர் ஒத்தடம், கையால் தொடவே கூடாது, அழுத்தக் கூடாது. தானாகப் பழுத்து உடையட்டும், இல்லையென்றால் கீறித்தான் எடுக்கவேண்டும் என்றார். கீறுவது என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் ஒத்தடத்துக்கு மறுபேச்சு பேசவில்லை. அந்த நாட்களில் அவள் போகவேண்டிய ஊர்களுக்கும் நானே போனேன். காலையில் அவளுக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டுக் கிளம்பி, மதியம் வந்து மறுபடி கொடுப்பேன். கட்டி மெல்ல இளகி ஒரு மதியம் உடைந்தது. சீழோடு சேர்ந்து ஒரு முடி வெளியே வந்தது. அதைப் பஞ்சில் எடுத்து ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்தேன். தூக்கியெறிய மனம் வரவில்லை.

டாக்டரிடம் போய்க் கட்டி உடைந்தது என்றேன், நாங்கள் செய்துபார்த்த கத்திச் சோதனையையும் சொன்னேன். பிறகு தயங்கி, "சார், அந்த முடிய மைக்ராஸ்கோப்புல பார்க்கலாமா?" என்றேன். இப்படி ஒரு கேள்வியை எந்த நர்சும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மழிக்காத முடி ஒண்ணும் வேணுமே, பக்கத்துல வச்சுப் பார்க்க" என்றார். என் கையிலிருந்தே ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தேன்.

சளி சோதிக்கிற சின்ன அறை அது. அவர் முதலில் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து இடம் விட்டார். என் கை முடியின் நுனி போகப்போகச் சன்னமாகி, எங்கே முடிகிறது என்றே தெரியாமல் இருந்தது. அவளுடைய முடி சாய்வாக வெட்டின மூங்கில் மாதிரி, ஓரம் கூர்மையாக, முனை வளைந்து இருந்தது.

"இது வளைஞ்சு திரும்பி வந்தா தோலைக் குத்தாம என்ன செய்யும்?" என்றார் டாக்டர், என்னிடமா தனக்குத்தானா என்று தெரியாத குரலில். "ஒட்ட மழிச்சா முனை தோலுக்குக் கீழே போயிடுது. மேல சைக்கிள் சீட்டு அழுத்துது. வியர்வை. துணி. எங்கே போகும், உள்ளேதான் போகும்."

அப்போது நான் கருக்களாச்சேரிப் பெண் சொன்னதைச் சொன்னேன். பிரசவத்துக்காக நாங்கள் மழித்துவிடுகிற பெண்கள் சைக்கிளில் ஏறுவதில்லை, ஆனால் கூடை தூக்கி நடக்கிறார்கள், நாற்று நடக் குனிகிறார்கள், அவர்களுக்கும் இதே உரசல்தான், இதே வியர்வைதான் என்றேன். டாக்டர் மேட்ரன் அம்மாவை அழைத்து வரச் சொன்னார்.

மேட்ரன் அம்மாவுக்குக் கோபம் வந்தது. "புத்தகத்துல மழிக்கணும்னு போட்டிருக்கு டாக்டர். மழிக்காம விட்டா ஜன்னி வந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"ஆஸ்பத்திரியில மாத்த வேணாம். வீட்டுப் பிரசவத்துல மட்டும் கத்திரியால வெட்டட்டும், சோப்புப் போட்டுக் கழுவட்டும். காய்ச்சல் வருதான்னு நாம பார்ப்போம். வந்தா நிறுத்திடுவோம்."

"இந்தப் பொண்ணுங்க சைக்கிள் ஓட்டப் போய் என்னென்னமோ கொண்டு வருதுங்க" என்று சொல்லிக்கொண்டே மேட்ரன் அம்மா போனார். ஆனால் மறுநாள் பிரசவப் பெட்டியில் கத்திக்குப் பக்கத்தில் வளைந்த முனையுள்ள ஒரு கத்திரிக்கோல் புதிதாக இருந்தது. அவர்தான் வைத்திருக்கவேண்டும்.

காய்ச்சல் முன்பைவிட அதிகமாக வரவில்லை. பிள்ளை பெற்ற பெண்கள் நன்றாக நடந்தார்கள். நான் போகிற வீடுகளிலெல்லாம் கேட்டேன். கத்திரி போட்டவர்களுக்குத் தொந்தரவு கிட்டத்தட்ட இல்லை. ஒருத்திக்கு மட்டும் கத்திரி போட்டும் கட்டி வந்தது. ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டாக்டருக்கும் தெரியவில்லை.

என் தோழி தேறி எழுந்தபின், முதல் நாள் சைக்கிளைத் தொடாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தழும்பு இருந்த இடத்தில் சீட்டு படாதபடி அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளி முடுக்கிக் கொடுத்தேன். ஏறி ஒரு சுற்று வந்து, "சரியா இருக்கு" என்றாள். பிறகு, "கத்திதான்னு ஒத்துக்கிறேன்" என்றும் சொன்னாள். அவள் எதையும் ஒத்துக்கொண்டு நான் கேட்டது அன்றுதான்.

நான் எதிர்பாராத ஒன்று அதன்பிறகு நடந்தது. அந்த ஒரு கேள்வியைக் கேட்க ஆரம்பித்ததால் பெண்கள் என்னிடம் வேறு பேச்சுகளும் பேச ஆரம்பித்தார்கள். அந்த இடத்தைப் பற்றி இவளிடம் பேசலாம், முகம் சுளிக்கமாட்டாள் என்று ஊருக்கு ஊர் செய்தி போய்விட்டது போல. விழிதியூரில், நான் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய ஒரு பெண், களத்து மேட்டில் என் சைக்கிளை நிறுத்தினார். எனக்குப் பெரியம்மா முறை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்தார்.

"நீ பொம்பளைங்ககிட்ட என்னென்னமோ கேக்குறியாமே."

"ஆமாம் பெரியம்மா. உங்களுக்கு ஏதாவது இருக்கா?"

"அது இல்ல. அந்தக் கட்டியெல்லாம் எனக்கு இல்ல. வேற ஒண்ணு." நிறுத்தினார். "கடைசிப் புள்ள பொறந்ததுல இருந்து கீழே ஏதோ இறங்கிக்கிட்டு வருது. உட்கார்ந்தா தட்டுது. அந்தப் புள்ளைக்கு இப்பக் கல்யாண வயசு. உங்க பெரியப்பாவுக்குக்கூடத் தெரியாது."

கர்ப்பப்பை இறங்கியிருந்தது. அவ்வளவு வருஷமும் அதோடு நாற்று நட்டிருக்கிறார், கதிர் அறுத்திருக்கிறார், தண்ணீர்க் குடம் சுமந்திருக்கிறார். எரிச்சலுக்கு மோர் குடித்திருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். ஆண் டாக்டர் என்றதும் பின்வாங்கினார். வாசலில் விரிப்பைத் தொங்கவிட்டு, டாக்டரை வெளியே நிறுத்திப் பேசிய கதையை அவருக்குச் சொன்னேன். முசியே, அதை மட்டும் கேக்காதீங்க என்று என் தோழி சொன்னதையும் அதே குரலில் சொல்லிக் காட்டினேன். அவர் முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

மறு வாரம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். வைக்கோல் பரப்பிய வண்டியில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு வந்தார். நான் பின்னாலேயே சைக்கிளில் வந்தேன். வழியெல்லாம் அவர் தலையைத் தூக்கித் தூக்கி என்னைப் பார்த்து, சைக்கிள் சீட்டு உறுத்தாதா, சேலை சக்கரத்தில் மாட்டாதா, மேடு ஏறும்போது மூச்சு வாங்குமா என்று ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.